நாலு மணிக்குள் ஒரு பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இன்றைக்கு நான் சொல்லப்போவது ராஜா ராணி கதையில்லை. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்சில் ஒரு மனுஷர் சாகக் கிடந்த கதை. அழ வேண்டிய நேரத்தில் அவர் பெண்சாதிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏன் வந்தது என்று முழுக்கக் கேளுங்கள், அதற்கப்புறம் அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாமணி கஞ்சிக் கரண்டியைப் புருஷன் உதட்டருகே கொண்டுபோனாள். துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி தாடையில் வழிந்து கழுத்து மடிப்புக்குள் இறங்கியது. முந்தானையால் துடைத்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணைகளை அடுக்கி அவரைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் விழுந்த குழி நிரம்ப நேரமாயிற்று.

“செபாஸ்டியனா, மாணிக்கமா?” என்றார் அவர்.

விடிந்ததிலிருந்து அவர் வாயில் இந்த இரண்டு பெயர்கள்தான். ராஜாமணி கரண்டியைக் கிண்ணத்தில் சத்தமாகப் போட்டாள்.

வியாழக்கிழமையே டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, இதயம் ஓய்ந்துவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இரண்டு நாளோ மூன்று நாளோ என்று சொல்லியிருந்தார். இது சனிக்கிழமை. அறுபத்தோராம் வருஷம், ஆவணி மாதம். வளவனூரில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் பொன்னி முந்தின நாளே வந்துவிட்டாள். துரைக்கண்ணுவின் தம்பி தாண்டவராயன் திண்டிவனத்துப் பக்கம் பிரம்மதேசத்திலிருந்து விடியற்காலையிலேயே வந்து இறங்கினான். அவன் சும்மா வரவில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியிலிருந்து ஒரு லாரியைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் முழுக்க வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, தெருமுனையில் நிறுத்தியிருந்தான். அண்ணனை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான்.

அவன் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. குவார்ட்டர்ஸ் வீடு ரயில்வேக்காரன் வீடு, வேலை போனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது. அதிலிருந்து பிணம் கிளம்பலாமா? அப்பாவும் அம்மாவும் பிரம்மதேசத்தில் சொந்த நிலத்து ஓரத்தில் வெந்தவர்கள். மூத்தவனை எப்படியும் ஊருக்குக் கொண்டுவந்துவிடு என்று அம்மா சாகும்போது தாண்டவராயன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, துரைக்கண்ணுவுக்குப் பையன் இல்லை. கொள்ளி வைக்க வேண்டிய கை தம்பியின் கை.

பையன் இல்லை என்றால், இருந்து போனான். வேங்கடேசன் என்று பெயர். நாலு வயதில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான், பதினாலு வருஷத்துக்கு முன்னால். ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுடுகாட்டில்தான் புதைத்தது. துரைக்கண்ணுவே தோளில் தூக்கிக்கொண்டு போனார். பொம்பளைகள் அங்கே போவது வழக்கமில்லை என்பதால் ராஜாமணி அந்த இடத்தை இன்றுவரை பார்த்ததில்லை. தகப்பனாவது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய்ச் சேரட்டும் என்பதுதான் அவள் மனசில் இருந்தது. ஆனால் அதை அவள் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. பதினாலு வருஷமாக அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லாமலே இருந்து பழகிவிட்டார்கள்.

லாரியில் ஏற்றினால் திண்டிவனம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிடும் என்று மட்டும் கொழுந்தனிடம் சொன்னாள்.

“உங்க பேச்சும் வேணாம் என் பேச்சும் வேணாம் அண்ணி,” என்றான் தாண்டவராயன். “அண்ணன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். இங்கதான்னா இங்கதான். நான் லாரிய அனுப்பிடறேன்.”

அதுவும் நியாயம்தான். ராஜாமணி கட்டிலருகே குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

“இன்னாங்க, இங்க பாருங்க. தம்பி லாரி எடுத்துக்கினு வந்து நிக்குது. பிரம்மதேசமா, இங்கியா? நீங்களே சொல்லிடுங்க.”

துரைக்கண்ணு அவளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “மணி இன்னா?” என்றார்.

“பத்தர.”

“நாலு மணி வரைக்கும் டைம் இருக்கில்ல.”

தாண்டவராயனுக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜாமணிக்கு நன்றாகப் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து கொல்லைப்புறம் போய், தேய்த்து வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துப் போட்டுத் தேய்த்தாள்.

அந்த நாலு மணி என்ன என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்கிற ஊழியர் கிளப்பில் ஆறு பேர் கூடி, பதினோரு வருஷத்துக்கு முன்னால் தாங்களாகவே கண்டுபிடித்த ஒரு விளையாட்டு. மெட்ராசில் சனிக்கிழமைதோறும் லீக் புட்பால் நடக்கும். இவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் பந்தை நேராக உதைக்கத் தெரியாது. ஆனால் சீசன் ஆரம்பத்தில் ஆளுக்கு நாலு ஆட்டக்காரர்களைத் தங்களுடைய ஆட்கள் என்று எழுதிக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்கக் கூடாது. அந்த நாலு பேரில் வாரத்துக்கு இரண்டு பேரைத்தான் இறக்கலாம், மற்ற இரண்டு பேர் உட்கார வேண்டும். மெட்ராசில் அவர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். விழுப்புரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். இறக்கிய இரண்டு பேரின் பெயரைச் சீட்டில் எழுதி, மடித்து, புக்கிங் கிளார்க் கிருஷ்ணசாமி வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். நாலரைக்கு அங்கே ஆட்டம் தொடங்கும் என்பதால் இங்கே நாலு மணிக்கு டின்னை மூடிவிடுவார். மறுநாள் பேப்பரில் யார் எத்தனை கோல் என்று பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். வருஷக் கடைசியில் ஜெயித்தவருக்கு இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் ஒரே சாய்வு நாற்காலி ஒரு வருஷத்துக்குச் சொந்தம். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது.

துரைக்கண்ணு அந்த நாற்காலியில் ஒரு நாளும் சாய்ந்ததில்லை. அவர் உட்காரவைத்த ஆள்தான் அந்த வாரம் பார்த்து இரண்டு கோல் போடுவான்.

வியாழக்கிழமையே யோசிக்கத் தொடங்கிவிடுவார். எழும்பூரிலிருந்து வரும் பாசஞ்சர் கார்டைப் பிடித்து நிறுத்தி, அங்கே மழையா, மைதானம் சேறா என்று விசாரிப்பார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டில் ஒரு பக்கம் ஊறுகாயை வைத்து, ஒரு பக்கம் உப்பை வைத்து, இவன் இந்த ஓரமாகப் போனால், அவன் அந்த ஓரமாகப் போனால் என்று விரலால் கோடு இழுப்பார். சனிக்கிழமை மூன்று ஐம்பத்தைந்து வரைக்கும் சீட்டில் எழுதி எழுதி அடிப்பார்.

இதில் மட்டும் என்றால் ராஜாமணி பொறுத்துக்கொண்டிருப்பாள். எல்லாவற்றிலும் அப்படித்தான். பொன்னிக்கு வளவனூரிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் கெடாரிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் வந்தார்கள். இவர் இரண்டு பக்கத்து நல்லதையும் கெட்டதையும் எடைபோட்டுக்கொண்டே இருந்ததில் கெடார்ப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணமே ஆகிவிட்டது. கிழக்குப் பாண்டி ரோட்டில் வீட்டு மனை ஒன்று நல்ல விலைக்கு வந்தது. தெற்குப் பார்த்ததா வடக்குப் பார்த்ததா என்று ஆறு மாதம் யோசித்தார். அதில் இப்போது யாரோ மாவு மில் வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் டைம் இருக்கில்ல என்பார். இருபத்தாறு வருஷமாக அவர் யோசித்து முடிப்பதற்காக ராஜாமணி அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது கட்டில் பக்கத்தில் நிற்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பகல் ஏறியது. தாண்டவராயன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பிடச் சொல்லிப் பொன்னி இரண்டு தடவை கூப்பிட்டாள். அண்ணன் இப்படிக் கிடக்கையில் எப்படி இறங்கும் என்று சொல்லிவிட்டான். நடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்ணனின் முனகலையே கேட்டுக்கொண்டிருந்தவன், கடைசியில் பொன்னியைச் சாடை காட்டி அழைத்தான்.

“அது யாரும்மா செபாஸ்டியனு, மாணிக்கம்னு? காலைலேந்து அதே பேச்சா இருக்குது. அவங்களப் பாக்கணும்னு உசிரு இழுத்துக்கினு இருக்குதோ என்னவோ. எந்த ஊருன்னு சொல்லு, லாரிய அனுப்பி இட்டாரச் சொல்றேன்.”

பொன்னி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். தாண்டவராயன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து ராஜாமணிக்கு அடுப்படியிலேயே மானம் போயிற்று.

“சரி, அவங்கள உங்கப்பாவுக்குப் பழக்கமா?”

“இல்ல சித்தப்பா. அவங்களுக்கு அப்பாவத் தெரியாது.”

“மேச்சாவது போய்ப் பாத்திருக்காரா?”

“இல்ல. கூட்டம் ஒத்துக்காதாம்.”

“ரயில்வேல பாஸு இருக்குதே, ஓசில போய்ட்டு வரலாமே?”

“போலாமான்னு நெனச்சிக்கினே இருந்தாரு,” என்றாள் பொன்னி.

தாண்டவராயன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். இருபத்தாறு வருஷத்தில் அவன் அவளைப் பார்த்து இரக்கப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

இரண்டரை மணிக்குக் கிருஷ்ணசாமி வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு, பிஸ்கட் டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். நண்பரைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். டின் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ராஜாமணி ஒரு முக்காலியைக் கட்டிலருகே போட்டுவிட்டுத் தூணோரம் நின்றுகொண்டாள்.

துரைக்கண்ணுவின் கண் டின்னைப் பார்த்ததும் தெளிந்தது. மெட்ராசில் வானம் எப்படி என்று கேட்டார். பகல் பாசஞ்சரில் வந்த கார்டு, காலையில் நல்ல மழை, இப்போது விட்டிருக்கிறது, மறுபடியும் மூடிக்கொண்டு நிற்கிறது என்று சொன்னதாகக் கிருஷ்ணசாமி சொன்னார். அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல. காலையிலிருந்து பெண்சாதிக்கும் தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்ல மூச்சில்லாத மனுஷர், நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் பேசினார். நாலு பேரில் நடுவில் ஆடுகிற குப்புசாமி நிச்சயம், அவனை எழுதியாயிற்று. இன்னொருவன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டான். மீதி இருப்பவர்கள் இரண்டு ஓரத்திலும் கோட்டை ஒட்டி ஓடுகிற இரண்டு பேர். இடது ஓரத்தில் ஆடும் செபாஸ்டியன் குதிரை மாதிரி ஓடுவான், ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் கணுக்கால் பிசகி, போன வாரம்தான் திரும்பியிருக்கிறான். வலது ஓரத்து மாணிக்கம் அவ்வளவு வேகமில்லை, நிதானம். ஆனால் இன்றைக்கு அவனை மறிக்கப்போகிறவன் மலை மாதிரி ஆள்.

ராஜாமணி கேட்டுக்கொண்டே நின்றாள். கிருஷ்ணசாமி ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். காதில் விழாதவள் போல நின்றாள்.

மூன்றரைக்குக் கிருஷ்ணசாமி நடைப்பக்கம் போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். தாண்டவராயன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லாரிக்காரனிடம் போய்ப் பேசிவிட்டு வருவதாக வெளியே போனான். பொன்னி குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போனாள். கட்டிலருகே புருஷனும் பெண்சாதியும்தான் இருந்தார்கள்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே சீட்டும் கட்டைப் பென்சிலும் இருந்தன. குப்புசாமி என்று ஒரு வரி. அதன் கீழே எழுதி அடித்து, எழுதி அடித்து, காகிதம் ஓட்டையாகியிருந்தது. விரல் மரத்துப்போய்விட்டது, நீ எழுது என்று சைகை காட்டினார். ராஜாமணி அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள்.

“யார எழுதறது?”

“அதான்… தெரியல.”

“தெரியலன்னா நான் இன்னாத்த எழுத?”

“நீ இன்னா நெனைக்கிற?”

அவள் பென்சிலைப் பிடித்தபடியே இருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்காத கேள்வி அது. கேட்டதுதான் கேட்டார், இதையா கேட்க வேண்டும் என்று எரிச்சல் தலைக்கேறியது.

“அந்த செபாஸ்டியனுக்குக் கால்ல அடின்னீங்களே. சேத்துல ஓடுவானா?”

அவர் கண்ணை விரித்தார். “ஓட… ஓடமாட்டான்.”

“போன வருஷமும் இப்படித்தான் ஒருநாளு மழைல எறக்கி உட்டுட்டு, வழுக்கி வழுக்கி விழுந்தான்னு ராத்திரியெல்லாம் பொலம்பினீங்க. தீவாளிக்கு முன்னால.”

“ஆமா.” அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. “நீ கேட்டுக்கினா இருந்த?”

“ஒரே ரூம்புல கெடந்தா கேக்காம?”

“மாணிக்கத்த மறிக்கிறவன் பெரிய ஆளு, ராஜாமணி.”

“பெரிய ஆளுன்னா சேத்துல சட்டுனு திரும்பமாட்டான். மாட்டப் பாத்ததில்ல?”

அவர் அதை யோசித்தார். மூச்சு விசில் மாதிரி போய்வந்தது. இன்னும் யோசிப்பார் என்று அவளுக்குத் தெரியும். யோசிக்க விட்டால் விடிய விடிய யோசிப்பார். ஓட்டையில்லாத இடமாகப் பார்த்து மாணிக்கம் என்று பெரிதாக எழுதினாள். மடித்தாள். எழுந்து போய் நடையில் நின்ற கிருஷ்ணசாமியிடம் கொடுத்தாள். மூன்று ஐம்பது. அவர் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி டின்னில் போட்டு மூடினார்.

திரும்பி வந்தபோது துரைக்கண்ணு கையைத் தூக்கிக் காற்றில் அசைத்துக்கொண்டிருந்தார்.

“மாத்திரலாமா?”

“மூடியாச்சு.”

“இன்னும் பத்து நிமிசம்…”

“மூடியாச்சுன்னு சொல்றேனில்ல.”

அவர் கை மெதுவாகப் போர்வையில் இறங்கியது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அவள் அதற்கு முன் எந்தச் சனிக்கிழமையும் அந்த நெற்றியை அப்படிப் பார்த்ததில்லை. இதுதான் சமயம் என்று கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, வாயை அவர் காதருகே கொண்டுபோனாள்.

“இப்பவாச்சும் சொல்லுங்க. உங்க தம்பி கேக்கறதுக்கு இன்னா பதிலு? அங்கியா, இங்கியா?”

வெளியே தாண்டவராயனின் செருப்புச் சத்தம் நடைக்கு வந்தது. துரைக்கண்ணு கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தார். அவள் காதை வாயோடு வைத்துக் கேட்டாள். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அதற்கப்புறம் மூச்சு ஒன்று உள்ளே போனது, வெகு நேரம் கழித்து வெளியே வந்தது. அடுத்தது இன்னும் நேரம் கழித்து வந்தது.

பொன்னி ஓடிவந்தாள். பால் கொண்டுவரச் சொன்னார்கள். தாண்டவராயன் ஒரு கரண்டி, பொன்னி ஒரு கரண்டி. ராஜாமணி மூன்றாவது கரண்டியைக் கொண்டுபோனபோது பால் உள்ளே இறங்காமல் ஓரத்திலேயே நின்றது. முந்தானையால் துடைத்தாள். மணி நாலு இருபது.

பொன்னியின் குரலைக் கேட்டு அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்சிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கட்டை விரல்களைக் கட்டினார்கள், நெற்றியில் காசு வைத்தார்கள். சனிக்கிழமைச் சாவு, பாடையில் கட்டக் கோழி வேண்டும் என்று யாரோ சொல்ல, அதைத் தேடிக்கொண்டு ஒருவர் கிளம்பினார். தாண்டவராயன் அண்ணன் காலடியில் விழுந்து, வாய்விட்டு அழுதான். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தவன், நேராக ராஜாமணி முன்னால் வந்து நின்றான்.

“அண்ணி. கடைசியா உங்க காதுல இன்னாமோ சொன்னாரே. நான் பாத்தேன். இன்னா சொன்னாரு?”

கிருஷ்ணசாமி டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றார். பொன்னி அம்மாவையே பார்த்தாள். அவர் சொன்னதைக் கேட்டது ராஜாமணி ஒருத்தி மட்டும்தான். இங்கேதான் என்றார் என்று சொல்லிவிட்டால் போதும், கேட்க ஆளில்லை. தாண்டவராயன் வாக்குத் தவறாதவன், லாரியை அனுப்பிவிடுவான். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து நின்றதை நான் மறைக்க மாட்டேன். நீங்களாக இருந்தாலும் நிற்கும்.

“எடத்தப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல தம்பி,” என்றாள். “தாண்டவன் காலைலேந்து சாப்பிடல, சாப்பிடச் சொல்லுன்னாரு. அதான் சொன்னாரு.”

தாண்டவராயன் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். சமாளித்துக்கொண்டான்.

“அப்ப ஊருக்கு எடுத்துக்கினு போறேன். எங்கம்மாவுக்குச் சொன்ன வார்த்த இருக்குது.”

“அவரு சொல்லல. நான் சொல்றேன். இங்கதான்.”

“அண்ணி, கொள்ளி வெக்கிறவன் நானு.”

“உனக்கு மனசு இருந்தா நீ வை. இல்லன்னா பொன்னி வெப்பா.”

யாரோ ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்தார். பொம்பளைப் பிள்ளை கொள்ளி வைக்கிறதா என்று பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ராஜாமணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொழுந்தனை மட்டும் பார்த்தாள். இத்தனை நேரம் இருந்த எரிச்சல் குரலிலிருந்து இறங்கிப்போயிருந்தது.

“வேங்கடேசன் இங்க இருக்கான் தம்பி,” என்றாள்.

பதினாலு வருஷம் கழித்து அந்தப் பெயர் அந்தக் கூடத்தில் கேட்டது. பொன்னி வாயைப் பொத்திக்கொண்டாள். தாண்டவராயன் தரையைப் பார்த்தான். அந்தப் பிள்ளை சாவுக்கு அவன் வரவில்லை. அறுப்பு நேரம், ஆள் கிடைக்கவில்லை என்று பத்து நாள் கழித்துத்தான் வந்தான். வந்தபோது யாரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் லாரி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. அது திருப்பத்தில் ஒரு தடவை ஹாரன் அடித்து, மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்து மறைந்தது. போய்விட்டான் என்று நினைத்தாள் ராஜாமணி. போகட்டும் என்று நினைத்தாள். பொன்னியின் கையைப் பார்த்தாள். வளையல் போட்ட மெலிந்த கை.

ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத் திரும்பிய கிருஷ்ணசாமி மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். எதையோ சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் இருந்தது. நல்ல மனுஷர், ஆனால் எதை எப்போது சொல்வது என்று தெரியாதவர்.

“ஸ்டேஷன் போன்ல எழும்பூருக்குக் கேட்டேம்மா. மூணு மணிக்கே மழ புடிச்சிக்கிச்சாம். கிரவுண்டெல்லாம் ஏரியாட்டம் தண்ணி. மேச்சே நடக்கல. சீட்டு எல்லாம் செல்லாது, அடுத்த வாரம்…” என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தி, டின்னின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார்.

ராஜாமணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்த முகம். அவளுக்கு வந்தது சிரிப்பா வேறு என்னவா என்று அவளுக்கே தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவர வேண்டும், குளிப்பாட்ட அண்டா வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

வாளியைக் கிணற்றில் இறக்கும்போதுதான் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த குவார்ட்டர்ஸ்காரி சவுரியம்மாள் வீட்டுக் கொல்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, பிணம் எடுக்கும்வரை யாரும் வாய் நனைக்கவும் மாட்டார்கள். அதனால் அந்தக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி தாண்டவராயன் நின்றுகொண்டிருந்தான். ஊரிலிருந்து சனங்களை ஏற்றிக்கொண்டுவர லாரியை அனுப்பிவிட்டேன், விடியறதுக்குள்ளே வந்துடுவாங்க என்று சவுரியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையில் ஒரு பித்தளைக் குவளை. கேப்பைக் கூழ். சவுரியம்மாள் அவனுடைய இன்னொரு கையில் வெங்காயத்தை வைத்தாள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தான். நிறுத்தினான். தோள் குலுங்கியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, அடியில் தங்கிய கூழை விரலால் வழித்து, மறுபடியும் குடித்தான். ராஜாமணி வாளிக் கயிற்றைச் சத்தம் போடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவன் குவளையைக் கீழே வைக்கும்வரை அப்படியே நின்றாள்.

கேட்டீர்களா, கண்ணுகளா. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு ஒரு குறையும் வராது. உங்கள் வீட்டில் பானை நிறையச் சோறு இருக்கட்டும். வெளியே போன பிள்ளைகள் விளக்கு வைப்பதற்குள் வந்து சேரட்டும். வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்க, உங்கள் வீட்டில் எப்போதும் ஒருத்தர் இருக்கட்டும்.